ஆறாத புண்ணுக்குப் புதுச் சிகிச்சை: எலியில் மூடியது மனிதக் காலில் மூட என்ன வேண்டும்?

கேள்வி இதுதான்: ஓர் ஆய்வகத்தில் கைட்டோசான் ஹைட்ரோஜெல் (கைட்டோசான் என்ற இயற்கைப் பொருளில் செய்த, நீரைப் பிடித்துவைக்கும் கூழ்) ஒன்று தயாராகியிருக்கிறது. அதில் ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி (செல்களைப் பெருகச் சொல்லும் புரதம்) கலந்திருக்கிறது. எலியின் முதுகில் வெட்டிய புண்ணைச் சாதாரணத் துணிக்கட்டைவிட வேகமாக மூடுகிறது. நீரிழிவுப் பாதப் புண், சிரைப் புண், படுக்கைப் புண் எல்லாவற்றுக்குமான சிகிச்சையாக இதைக் கொண்டுவர அடுத்து என்ன செய்வது? இந்தத் துறையில் எலியைத் தாண்டிப் போனவை இவ்வளவு குறைவாக இருப்பது ஏன்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவதில் பாதி தீர்ந்துவிடும். கத்தியால் வெட்டிய புண் தானாகவே ஆறப்போகிற புண். அங்கே பொருளின் வேலை வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவது மட்டுமே. நாள்பட்ட புண்ணை ஏதோ ஒன்று ஆறவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அந்தத் தடை எது என்று பெயர் சொல்லி, அதைக் குறிவைத்து உருவாக்கிய பொருளுக்குத்தான் மனிதரிடம் வாய்ப்பு இருக்கிறது. ‘எல்லாப் புண்ணுக்கும்’ என்று தொடங்கும் திட்டத்தில் இந்த முதல் வேலையே நடந்திருக்காது.

உள்ளங்கால் நீரிழிவுப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் தடை அழுத்தம். உணர்வு போன காலால் நோயாளி அதே இடத்தை மிதித்துக்கொண்டே இருக்கிறார். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அழுத்தத்தைக் குறைக்கும் மூன்று சாதனங்களை ஒப்பிட்டது: கழற்ற முடியாத முழுத்தொடர்பு மாவுக்கட்டு, கழற்றக்கூடிய நடைக்காப்பு, அரைச்செருப்பு. 12 வாரங்களில் முறையே சுமார் 90, 65, 58 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது. மாவுக்கட்டும் நடைக்காப்பும் அழுத்தத்தைக் குறைப்பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றைக் கழற்றிவைக்க முடியும், மற்றதை முடியாது என்பதே இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம். இந்த 25 விழுக்காட்டு இடைவெளியை எட்டிய களிம்பு அபூர்வம்.

சிரைப் புண்ணில் தடை வேறு. சிரைகளின் வால்வுகள் பழுதாகி, நிற்கும்போதும் நடக்கும்போதும் காலின் கீழ்ப்பகுதியில் இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் பல அடுக்கு இறுக்கக் கட்டுதான் அடிப்படைச் சிகிச்சை. பழுதான மேற்சிரையைச் சீக்கிரமே உள்ளிருந்து அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று 450 பேரிடம் சோதித்த ‘எவ்ரா’ ஆய்வு 2018இல் வந்தது. புண் ஆற எடுத்துக்கொண்ட நாட்களின் இடைநிலை 82இலிருந்து 56ஆகக் குறைந்தது. தமனி அடைப்பு உள்ள காலில், விரல் இரத்த அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால், எந்த ஜெல்லும் உதவாது. முதலில் இரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். படுக்கைப் புண்ணில் அழுத்தத்தோடு ஊட்டக்குறைவும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. முதல் தயாரிப்புக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நோயாளிகள் வயதிலும் உடன்நோயிலும் ஒருவருக்கொருவர் அவ்வளவு வேறுபடுவார்கள். ஆய்வை நடுவில் விட்டுப் போகிறவர்களும் அதிகம்.

இவை புண்ணுக்கு வெளியே உள்ள தடைகள். இவற்றைச் சரிசெய்த பிறகும் ஆறாமல் நிற்கும் புண்தான் உங்கள் பொருளுக்கான களம். அந்தப் புண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அழற்சி அடங்காமல் நியூட்ரோஃபில்கள் (கிருமியைத் தாக்கும் வெள்ளணுக்கள்) வந்துகொண்டே இருக்கின்றன. அவை கொட்டும் எலாஸ்டேஸும், எம்.எம்.பி.-8, எம்.எம்.பி.-9 போன்ற புரத அரிப்பு நொதிகளும், புதிதாக உருவாகும் கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் வந்த வேகத்திலேயே அறுத்துவிடுகின்றன. மேக்ரோஃபேஜ்கள் (புண்ணைச் சுத்தம் செய்யும் வெள்ளணுக்கள்) அழற்சி நிலையிலிருந்து சீரமைப்பு நிலைக்கு மாறுவதில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (கொலாஜனை உருவாக்கும் செல்கள்) முதுமையடைந்து, வளர்ச்சிச் சமிக்ஞைக்குச் செவிசாய்ப்பதில்லை. நல்ல தோலின் பி.எச். 4 முதல் 6 வரை; நாள்பட்ட புண்ணில் அது 7இலிருந்து கிட்டத்தட்ட 9 வரை போகும். காரத்தன்மையில் அந்த நொதிகள் இன்னும் சுறுசுறுப்பாக இயங்கும். இதற்கெல்லாம் மேல் கிருமிப் படலம்: பாக்டீரியாக்கள் பசைபோன்ற உறைக்குள் ஒட்டி வாழும் அடுக்கு. 2008இல் திசுத்துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த ஓர் ஆய்வு, நாள்பட்ட புண்களில் 60 விழுக்காட்டிலும் புதுப் புண்களில் 6 விழுக்காட்டில் மட்டும் அந்தப் படலத்தைக் கண்டது.

இப்போது உங்கள் ஈ.ஜி.எஃப். அந்தச் சூழலுக்குள் போகிறது. அங்கே எத்தனை மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும் என்பதை நீங்கள் அளந்திருக்கிறீர்களா?

வளர்ச்சிக் காரணிகளின் வரலாறு இங்கே நிறையச் சொல்லித்தருகிறது. பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி வகையைச் சேர்ந்த பெகாப்லெர்மின் ஜெல்லை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997 டிசம்பரில் அனுமதித்தது. ஒரு கிராம் ஜெல்லில் 100 மைக்ரோகிராம். தினமும் ஒரு முறை மெல்லியதாகப் பூசி, சுமார் 12 மணி நேரம் கழித்துக் கழுவிவிட வேண்டும். முக்கிய ஆய்வில் 20 வாரங்களில் 50 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 35 விழுக்காடு. வித்தியாசம் உண்மைதான், ஆனால் அடக்கமானது. அதே மருந்தின் ஆய்வுத் தரவுகளை மையம் மையமாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: இறந்த திசுவை அடிக்கடி வெட்டி அகற்றிய மையங்களில், எந்தக் குழுவானாலும், புண் நன்றாக ஆறியிருந்தது. பிறகு 2008இல் புற்றுநோய் இறப்பு குறித்த கடும் எச்சரிக்கை அதன் உறையில் ஏறியது; 2018இல் நீக்கப்பட்டது. செல்லைப் பெருகச் சொல்லும் எந்த மூலக்கூறுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால், அதற்கான தரவை ஆரம்பத்திலிருந்தே சேர்த்துவையுங்கள். கூபா வேறு வழியில் போனது. 2006இல் அங்கே பதிவான ஹெபர்புரோட்-பி, ஈ.ஜி.எஃப்.-ஐப் பூசுவதற்குப் பதிலாகப் புண்ணின் அடியிலும் ஓரத்திலும் ஊசியால் செலுத்துகிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 75 மைக்ரோகிராம். மேலே பூசினால் நொதிகள் அழித்துவிடும், ஆழத்துக்குப் போகாது என்பதே அதன் அடிப்படை வாதம். உங்கள் ஜெல் அதே மூலக்கூறை மேலே பூசும் என்றால், இந்த வாதத்துக்கு விடை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் முதலில் செய்ய வேண்டியது

தண்ணீரிலோ உப்புக் கரைசலிலோ மருந்து வெளியேறும் வேகத்தை அளந்து வரைபடம் போடுவது போதாது. அல்புமின் கலந்து, கொலாஜனேஸும் நியூட்ரோஃபில் எலாஸ்டேஸும் சேர்த்து, பி.எச். 8இல், 37 டிகிரி செல்சியசில் ஒரு போலிப் புண்கசிவைத் தயாரியுங்கள். ஒழுங்குமுறை ஒப்புதலோடு நோயாளிகளிடமிருந்து சேகரித்த உண்மைக் கசிவு கிடைத்தால் இன்னும் நல்லது. ஜெல்லை அதில் வைத்து 2, 6, 12, 24, 48 மணி நேரங்களில் மாதிரி எடுங்கள். எலைசா (எதிர்ப்பொருளால் புரதத்தை அளக்கும் சோதனை) மட்டும் செய்தால் ஏமாறுவீர்கள். பாதி அறுபட்ட புரதமும் எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும். மாதிரியைக் கெரட்டினோசைட்களின் (மேல்தோல் செல்களின்) மேல் ஊற்றி, ஏற்பி தூண்டப்படுகிறதா, செல் பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டு மாற்றும் இடைவெளி 48 மணி நேரம் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால், 48ஆம் மணியிலும் செயல்பாடு இருக்க வேண்டும்.

அடுத்தது நீர்க்கணக்கு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிரைப் புண்ணில் ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை கிராம் கசிவு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 20 சதுர செ.மீ. புண், மூன்று நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்றம் என்றால் 30 கிராம் கசிவு. அதே பரப்பில் 3 மி.மீ. கனத்துக்கு வைத்த ஜெல்லின் எடை 6 கிராம்தான். மீதியை ஜெல் உறிஞ்ச வேண்டும், அல்லது மேலே உள்ள கட்டுக்குக் கடத்த வேண்டும், அல்லது ஆவியாக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் புண்ணைச் சுற்றிய தோல் ஊறி வெளுத்து, புண் பெரிதாகும். உறிஞ்சும் திறனுக்கு ஈ.என். 13726 தரமுறை இருக்கிறது. லிட்டருக்கு 8.298 கிராம் சோடியம் குளோரைடு, 0.368 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கொண்ட கரைசலை, மாதிரியின் எடையைப் போல் 40 மடங்கு எடுத்து, 37 டிகிரியில் 30 நிமிடம் ஊறவைத்து, 30 நொடி தொங்கவிட்டு எடைபோடுவது. அதே மாதிரியை 40 மி.மீ. பாதரச அழுத்தத்தின் கீழும் எடைபோடுங்கள். அழுத்தமில்லாமல் நன்றாகப் பிடித்துவைக்கும் ஜெல், இறுக்கக் கட்டின் அடியில் பிழிந்த துணியாகிவிடுவதுண்டு. சிரைப் புண்ணுக்கு என்று சொல்லும் பொருளுக்கு இந்த ஒரு சோதனையே பல மாத வேலையை மிச்சப்படுத்தும்.

கைட்டோசான் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது அமிலத்தில்தான் கரையும், பி.எச். 6.5ஐத் தாண்டினால் திரிந்து பிரியும். அசிட்டிக் அமிலத்தில் கரைத்த ஜெல்லைச் சரியாகக் கழுவிச் சமன்செய்யாவிட்டால், உணர்வுள்ள சிரைப் புண்ணில் வைத்த உடனே எரியும், நோயாளி அடுத்த முறை வரமாட்டார். கைட்டோசான், ஆல்ஜினேட், கொலாஜன் போன்ற இயற்கை மூலப்பொருள்களில் எண்டோடாக்சின் (பாக்டீரியாச் சுவரின் நச்சு) ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அது மேக்ரோஃபேஜ்களைத் தூண்டும். அந்தத் தூண்டலையே உங்கள் பொருளின் ‘உயிரியல் செயல்பாடு’ என்று எண்ணி மகிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் அளவிடுங்கள்.

கிருமி நீக்கம் கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல. வழக்கமான 25 கிலோகிரே காமாக் கதிர் ஹையலூரோனிக் அமிலம், கைட்டோசான், ஆல்ஜினேட் ஆகியவற்றின் சங்கிலிகளை வெட்டி, ஜெல்லைத் தண்ணீராக்கிவிடும். நீராவி, புரதத்தைக் கொன்றுவிடும். எத்திலீன் ஆக்சைடு உலர்ந்த பஞ்சு வடிவத்துக்குப் பொருந்தும், நீர் நிறைந்த ஜெல்லுக்குப் பொருந்தாது. அதன் எச்சமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். உங்கள் கலவைக்கு மிஞ்சும் வழிகள் இரண்டு: பாகங்களை நீர்த்த நிலையில் 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்திக் கிருமியற்ற அறையில் சேர்ப்பது, அல்லது உறைவுலர்த்திய பஞ்சாகச் செய்து பயன்படுத்தும்போது நனைப்பது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் பிறகு செய்யும் எல்லாச் சோதனையும் கிருமி நீக்கிய பொருளில்தான் நடக்க வேண்டும். நீக்காத பொருளில் கிடைத்த எலித் தரவு, வேறொரு பொருளின் தரவு.

கிருமி எதிர்ப்பும் உண்டு என்று சொல்ல விரும்பினால், சோதனைக்குழாயில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொன்றுகாட்டுவது ஒன்றையும் நிரூபிக்காது. பன்றித் தோல் துண்டில் மூன்று நாள் வளர்ந்த படலத்தின் மேல், சீரம் கலந்த சூழலில் வையுங்கள். எண்ணுவதற்கு முன் மருந்தின் எச்சத்தைச் செயலிழக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் எண்ணும் தட்டிலேயே அது கொன்றுகொண்டிருக்கும். பொருளை எடுத்த பின் 24, 48 மணி நேரத்தில் படலம் மீண்டும் வளர்கிறதா என்பதே பயனுள்ள விடை. வெள்ளிக் கட்டுகள் ஆய்வகத்தில் கிருமிகளை நன்றாகக் கொல்பவை. ஆனால் சிரைப் புண்ணில் அவற்றைச் சோதித்த ‘வல்கன்’ ஆய்வில் (2009, 213 பேர்) சாதாரணக் கட்டைவிடப் புண் கூடுதலாக ஆறவில்லை. பெக்சிகனான் என்ற கிருமியெதிர்ப்புப் பெப்டைடுக் களிம்பு, இலேசான தொற்றுள்ள நீரிழிவுப் பாதப் புண்ணில் 2016இல் மூன்றாம் கட்ட ஆய்வுகள் இரண்டிலும் வெறும் களிம்பை வெல்லவில்லை. இரண்டும் கிருமியைக் கொல்லாததால் தோற்றன என்று சொல்ல முடியாது. அந்த நோயாளிகளின் புண்ணைப் பிடித்துவைத்த தடை கிருமி மட்டும்தானா என்பதை யாரும் தனித்துக் காட்டியிருக்கவில்லை.

எலி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. அது புண்ணைச் சுருக்குப்பைபோல இழுத்து மூடிவிடும். மனிதக் காலில் புண் பெரும்பாலும் புதுத் தசைத்தளிர் நிரம்பி, ஓரத்திலிருந்து மேல்தோல் ஊர்ந்து வந்துதான் மூடுகிறது. எனவே புண்ணைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்துச் சுருக்கத்தைத் தடுத்த மாதிரியில்தான் உங்கள் ஜெல்லைப் பார்க்க வேண்டும். 6 மி.மீ. துளைப்பு, ஒவ்வொரு எலிக்கும் இரண்டு புண் என்பது பழகிய முறை. வளையம் கழன்றுவிட்ட எலியை என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். நீரிழிவுக்கு டி.பி./டி.பி. எலி (மரபணுக் குறையால் நீரிழிவு வரும் வகை) பொருத்தமானது, அதில் புண் ஆறுவது இயல்பாகவே தாமதப்படும்.

ஒப்பீட்டுக் குழுவில்தான் பெரும்பாலான கட்டுரைகள் கோட்டை விடுகின்றன. 1962இல் இளம் பன்றிகளில் ஜார்ஜ் விண்டர் காட்டியபடி, ஈரம் காக்கும் மெல்லிய படலத்தால் மூடினாலே மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவுகிறது. உலர்ந்த துணிக்கட்டோடு ஒப்பிட்டால், ஈரமான எந்த ஜெல்லும் வெல்லும். உங்கள் ஆய்வுக்கு நான்கு குழுக்கள் வேண்டும்: ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம் மட்டும், ஈ.ஜி.எஃப். இல்லாத ஜெல், வெறும் கரைசலில் ஈ.ஜி.எஃப்., முழுப் பொருள். இரண்டாவதும் நான்காவதும் ஒன்றுபோல இருந்தால் வளர்ச்சிக் காரணியைத் தூக்கிவிடுங்கள். அது தோல்வி அல்ல, பெரிய இலாபம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அளவீட்டுக்குப் புகைப்படம் போதாது. பொருக்கின் அடியில் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியாது. நடுவில் வெட்டிய திசுச் சீவலில் இரு மேல்தோல் முனைகளுக்கு இடையிலான தூரம், தசைத்தளிரின் கனம் இரண்டையும், எது எந்தக் குழு என்று அறியாதவர் அளக்க வேண்டும்.

பன்றித் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது. வெவ்வேறு மாதிரிகளின் முடிவுகள் மனித ஆய்வுகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 2001இல் தொகுத்துப் பார்த்தபோது பன்றிக்கு 78 விழுக்காடும், சிறு விலங்குகளுக்கு 53 விழுக்காடும் வந்தது. 53 என்பது நாணயம் சுண்டுவதற்குச் சற்றே மேல். பன்றியில் இருபது புண் வெட்டினாலும் புள்ளியியல் அலகு பன்றிதான், புண் அல்ல. நான்கு பன்றியில் எண்பது புண் என்று கணக்கிட்டு மிகச்சிறிய பி-மதிப்பு காட்டும் கட்டுரைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆரோக்கியமான பன்றியில்கூட அழுத்தமும் இல்லை, அடைப்பும் இல்லை, மாதக்கணக்கான அழற்சியும் இல்லை. விலங்கு ஆய்வு, பொருள் தீங்கு செய்யாது, எண்ணிய வழிமுறையில் இயங்குகிறது என்ற இரண்டை மட்டும் சொல்லும். மனிதரில் பலன் உண்டா என்பதை அது சொல்லாது.

மருந்தா, சாதனமா?

ஈரம் காத்து, கசிவை உறிஞ்சி, புண்ணை மூடி வைக்கும் ஜெல் பெரும்பாலான நாடுகளில் மருத்துவச் சாதனம். வளர்ச்சிக் காரணி சேர்ந்த உடனே, முதன்மைச் செயல் உயிரியல் வழியில் நடப்பதால், அது மருந்து அல்லது கூட்டுப்பொருள் ஆகிவிடும். அளவுத் தேர்வு ஆய்வு, உடலுக்குள் உறிஞ்சப்படும் அளவு, புற்றுநோய் ஆபத்து மதிப்பீடு, தூய்மையான புரத உற்பத்தி, குளிர்ப்பதனச் சேமிப்பு என்று காலமும் செலவும் பலமடங்காகும். ஈ.ஜி.எஃப். இல்லாமலே ஜெல் வேலை செய்தால் இலாபம் என்று சொன்னது இதனால்தான். சாதன வழியிலும் ஒரு கண்ணி உண்டு. ஐ.எஸ்.ஓ. 10993 (சாதனங்களின் உயிரியல் பாதுகாப்புத் தரமுறை) மதிப்பீட்டில், உடலோடு பொருள் இருக்கும் தொடர்பு நேரம் கூட்டிக் கணக்கிடப்படும். ஒரு கட்டு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றாலும், 12 வாரம் தொடர்ந்து மாற்றினால் 30 நாளைத் தாண்டிய நீண்டகாலத் தொடர்பு. செல்நச்சு, ஒவ்வாமை, எரிச்சல் ஆகிய மூன்றோடு முடிந்துவிடும் என்று திட்டமிட்டவர்கள் மரபுநச்சு, நாட்பட்ட நச்சு, உட்பதிப்பு மதிப்பீடு வரை போக நேரும். கைட்டோசானின் மூலம் ஓட்டுமீன் என்றால் ஒவ்வாமை எச்சரிக்கையும் வேண்டும்.

தாவரச் சாறுகளைப் பற்றியும் கேள்விகள் அடிக்கடி வருகின்றன. கற்பூரவல்லி, வல்லாரை ஆகியவற்றின் சாறுகளைக் கொண்ட ஓ.என். 101 என்ற களிம்பு 2021இல் தைவானில் அனுமதி பெற்றது. 236 பேர் கொண்ட மூன்றாம் கட்ட ஆய்வில் 16 வாரங்களில் 60.7 விழுக்காடும், ஒப்பீட்டுக் கட்டில் 35.1 விழுக்காடும் மூடின. அது இங்கே பொருத்தமான உதாரணம். அழற்சி நிலையில் தேங்கிய மேக்ரோஃபேஜ்களைக் குறிவைக்கிறது என்று தடையைப் பெயர் சொல்லித்தான் அதை முன்வைத்தார்கள். அந்த வழியில் போகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது, அறுவடைக்கு அறுவடை சாறின் உட்கூறு மாறாமல் இருப்பதை எப்படி உறுதிசெய்வது என்பதை.

மனித ஆய்வு: பெரும்பாலான பொருள்கள் விழுகிற இடம்

இதை முடிவிலிருந்து பின்னோக்கி வடிவமைக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ‘முழு மூடல்’ என்பது: கசிவில்லாமலும் கட்டு தேவைப்படாமலும் மேல்தோல் முழுதாகப் படர்ந்திருக்க வேண்டும், இரண்டு வார இடைவெளியில் அடுத்தடுத்த இரு வருகைகளில் அது உறுதியாக வேண்டும். மூடிய பின் மூன்று மாதமாவது பின்தொடர வேண்டும். பரப்பு 40 விழுக்காடு குறைந்தது என்பது மூன்றாம் கட்டத்தில் செல்லாது.

ஆனால் இரண்டாம் கட்டத்தில் பரப்புக் குறைவு நல்ல வழிகாட்டி. நீரிழிவுப் பாதப் புண்ணில் நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கியவற்றில் 58 விழுக்காடு 12 வாரத்தில் மூடின, சுருங்காதவற்றில் 9 விழுக்காடு மட்டுமே என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது. இதிலிருந்து ஆய்வு வடிவமைப்புக்கு நேரடியான பாடம் ஒன்று கிடைக்கிறது. நோயாளியைச் சேர்த்த உடனே குழு பிரிக்காதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரம் நல்ல அடிப்படைச் சிகிச்சை மட்டும் கொடுத்து, அதிலேயே ஆறத் தொடங்கிய புண்களை விலக்குங்கள். அவை எந்தக் குழுவில் போனாலும் ஆறும். உங்கள் வித்தியாசத்தை மறைக்கும். நோயாளியின் இரத்தத்திலிருந்தே செய்த லூக்கோபேட்ச் தகட்டின் ஆய்வு (2018) நான்கு வார முன்னோட்டம் வைத்து, பாதிக்கு மேல் சுருங்கியவற்றை விலக்கியது. கிடைத்தது 20 வாரத்தில் 34 எதிர் 22 விழுக்காடு மூடல் (தகடு வைத்த குழு எதிர் ஒப்பீட்டுக் குழு). எண்கள் சிறியவைபோலத் தெரியலாம், ஆனால் கடினமான புண்களில் கிடைத்தவை என்பதால் அவற்றுக்கு எடை உண்டு. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் கட்டின் ‘எக்ஸ்ப்ளோரர்’ ஆய்வும் (2018, 240 பேர்) நரம்பும் இரத்த ஓட்டமும் சேர்ந்து பழுதான பாதப் புண்களை மட்டும் எடுத்து 48 எதிர் 30 விழுக்காடு என்று காட்டியது. அதன் குறி எம்.எம்.பி. நொதிகள்.

ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேருக்கு ஆறும் என்று முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம். டெர்மாகிராஃப்ட் ஆய்வில் அது 12 வாரத்தில் 18 விழுக்காடு, ஆப்லிகிராஃப் ஆய்வில் அதே 12 வாரத்தில் 38. இரண்டும் உயிர்செல் தோல் மாற்றுகள், இரண்டும் நீரிழிவுப் பாதப் புண். அழுத்தக் குறைப்பு, திசு அகற்றல், நோயாளித் தேர்வு ஆகியவை மாறினால் அடித்தளமே இவ்வளவு நகரும். ஆகவே அழுத்தக் குறைப்புச் சாதனத்தை எல்லா மையத்துக்கும் ஒன்றாக்கி, முடிந்தால் கழற்ற முடியாததாக வையுங்கள். திசு அகற்றலுக்கு எழுத்து வடிவ நெறிமுறை வேண்டும். மேற்கட்டு இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எத்தனை பேர் தேவை? ஒப்பீட்டில் 30 விழுக்காடு, உங்கள் பொருளில் 45 விழுக்காடு என்று எதிர்பார்த்தால், 80 விழுக்காடு திறனுக்கு (உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்குச் சுமார் 160 பேர். 15 விழுக்காட்டினர் விலகுவார்கள் என்று கூட்டினால் 190. குழுவுக்கு 30 பேர் வைத்த முதற்கட்ட ஆய்வில் 30 விழுக்காடு என்று வரும் எண், உண்மையில் 14க்கும் 46க்கும் இடையே எங்கும் இருக்கலாம். அந்தச் சிறு ஆய்வில் தெரிந்த பெரிய வித்தியாசத்தை அப்படியே எடுத்து மூன்றாம் கட்டத்தைச் சின்னதாகத் திட்டமிடுவது இத்துறையில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. கெரட்டினோசைட், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தெளிக்கும் சிகிச்சை ஒன்று 2012இல் சிரைப் புண்ணில் மிக நல்ல இரண்டாம் கட்ட முடிவைக் காட்டியது. மூன்றாம் கட்டத்தில் பலன் தெரியாமல் 2014இல் நின்றது.

நோயாளித் தேர்வில் விட்டுவிடக் கூடாதவை: கணுக்கால்-கை அழுத்த விகிதம் (1.3ஐத் தாண்டினால் தமனி கல்லாகியிருக்கிறது, அந்த எண்ணை நம்பாமல் விரல் அழுத்தம் எடுங்கள்), பாத உணர்வைப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனை, எலும்பு தட்டுகிறதா என்று மழுங்கிய கம்பியால் தொட்டுப்பார்ப்பது. எலும்பு அழற்சி மறைந்திருக்கும் புண் மேலே மூடி உள்ளே சீழ் வைக்கும். அது உங்கள் பொருளின் பக்கவிளைவாகப் பதிவாகும். முதல் ஆய்வுக்கு 1 முதல் 10 சதுர செ.மீ. பரப்பு, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் புண்ணின் வயது என்று குறுக்கிக்கொள்ளலாம்.

பரப்பை அளவுகோலால் நீளம் பெருக்கல் அகலம் என்று எடுக்காதீர்கள். 4 க்கு 3 செ.மீ. நீள்வட்டப் புண்ணின் உண்மைப் பரப்பு 9.4 சதுர செ.மீ., பெருக்கினால் 12 வரும். ஒளிபுகும் தாளில் ஓரத்தை வரைந்தோ அளவுகுறியோடு படமெடுத்தோ மென்பொருளில் கணக்கிடுங்கள். விழுக்காட்டுக் குறைவும் ஏமாற்றும். ஓரம் வாரத்துக்கு 1 மி.மீ. உள்ளே வந்தால், 2 செ.மீ. விட்டமுள்ள புண் முதல் வாரத்தில் 19 விழுக்காடு சுருங்கும், 6 செ.மீ. புண் சுமார் 6.6 விழுக்காடுதான். ஆறும் வேகம் இரண்டிலும் ஒன்றே. பரப்பின் மாற்றத்தைச் சராசரிச் சுற்றளவால் வகுத்துக் கிடைக்கும் ஓர முன்னேற்றத்தைப் பதிவுசெய்தால் அளவு வேறுபாடு அடிபட்டுப்போகும். குழு பிரிக்கும்போதும் புண்ணின் அளவு, புண்ணின் வயது, மையம் வாரியாக அடுக்கிப் பிரியுங்கள். ஜெல்லை மறைக்க முடியாது என்பதால், மூடல் முடிவைச் சிகிச்சை தெரியாத வேறொருவர், படத்தோடு சேர்த்து, தீர்மானிக்க வேண்டும். விலகியவரை ‘ஆறவில்லை’ என்றே கணக்கில் வைத்துப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

மூடிய நீரிழிவுப் பாதப் புண்களில் சுமார் 40 விழுக்காடு ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகின்றன. மூன்று மாதப் பின்தொடர்வோடு நிறுத்தாமல் 12 மாதம் வரை மறுவரவைப் பதிவுசெய்தால், உங்கள் பொருள் மூடிய தோல் தாங்குகிறதா என்பதற்கு விடை கிடைக்கும். ஒப்புதல் தருபவர்களுக்கு மட்டுமல்ல, எந்தப் பொருளை வாங்குவது என்று முடிவெடுக்கும் மருத்துவமனைகளுக்கும் அந்த எண்தான் முக்கியம்.

உங்கள் ஜெல்லுக்கு இப்போதே செய்ய வேண்டியவை மூன்று, இந்த வரிசையில். கிருமி நீக்கும் முறையை முடிவுசெய்து, நீக்கிய பொருளில் பாகுத்தன்மையும் ஈ.ஜி.எஃப். செயல்பாடும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்; செயல்பாட்டில் பாதிக்கு மேல் போனால் கலவையை மாற்றுங்கள். பிறகு நொதி கலந்த போலிக் கசிவில் 48 மணி நேரச் சோதனை. அதையும் தாண்டினால், வளையம் தைத்த நீரிழிவு எலியில் மேலே சொன்ன நான்கு குழு ஆய்வு, திசுச் சீவல் அளவீட்டோடு. முழுப் பொருள் வெறும் ஜெல்லைத் தெளிவாக வென்றால் மருந்து வழி. இரண்டும் சமமாக இருந்து ஒட்டுப்படலத்தை வென்றால் ஈ.ஜி.எஃப். இல்லாமல் சாதன வழி. ஒட்டுப்படலத்தையே வெல்லவில்லை என்றால் பன்றிக்குப் பணம் செலவிட வேண்டாம்.